பாசித் தட்டில் விழுந்த உப்பு

அத்தியாயம் பதினான்கு

கண்டி, கட்டுக்கலையில் லோரன்ஸ் வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் முந்தி எழுந்தவள் செசிலியா. வழக்கம்போல இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தாளானால் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்திருக்கும். ஆனால் லண்டனை நினைத்துக்கொண்டு படுத்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும்?

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் பழகி வருகிறவர்களுக்கு லோரன்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்து, கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனிக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக உட்கார்ந்தவர் அவர். ஒரே மகள் செசிலியா. அவள் படித்த கொன்வென்ட்டில் பூவையும் இலையையும் தாண்டி விஞ்ஞானம் கிடையாது. அதனால் சனிக்கிழமைதோறும் அவளை ஆண்பிள்ளைகளின் கல்லூரி ஒன்றுக்குக் கூட்டிப்போய், பௌதிகப் பாடமும் விலங்கியல் பாடமும் முடியும்வரை வெளியே மரத்தடியில் பத்திரிகை படித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரே பத்திரிகையை விளம்பரம் உட்பட இரண்டு தடவை படித்திருப்பார், பாவம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இந்தத் தவளை, தேரையெல்லாம்?" என்று கோயில் வாசலில் கேட்காதவர்கள் இல்லை. அவர் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே ஒரே பதில்தான் சொன்னார். "அவளுக்குப் பிடிச்சிருக்கு."

செசிலியா கொழும்புக்குப் போய் லண்டன் பி.எஸ்ஸி. பட்டத்துக்கு விலங்கியல் படித்தாள். வகுப்பில் பெண் அவள் ஒருத்திதான். ஆய்வுகூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு தவளை. அவளோடு சேர்ந்து நிற்க எல்லாப் பையன்களுக்கும் வெட்கம். ஆகவே அவளுக்கு மட்டும் ஒரு முழுத் தவளை கிடைத்தது. அந்த வெட்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பட்டத்தோடு வீடு திரும்பியது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் கடைசியில். அதே நேரத்தில்தான் அந்தக் காய்ச்சலும் வந்தது. மழை பொய்த்து மகாவலி வற்றி, ஆறு ஓடிய இடமெல்லாம் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி, குட்டைக்குக் குட்டை காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகியது. செசிலியாவின் அம்மா அந்தோனியம்மாவின் தங்கை தெரேசா தெல்தெனியாவில் இருக்கிறாள். அவளுடைய மூத்த பையன் டக்ளஸ் அந்த மலேரியாவில் போய்விட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. அந்தச் சாவு வீட்டில்தான் செசிலியா தன் வேலை என்னவென்று தீர்மானித்தாள்.

பேராதனையில் ஒரு பழைய பங்களாவில் மலேரியா ஆராய்ச்சிக்கென்று தற்காலிகமாக ஓர் ஆய்வுகூடம் திறந்திருந்தார்கள். அதில் சம்பளமில்லாத உதவியாளராக ஒட்டிக்கொண்டாள். சில குட்டைகளில் ஒரு பாசி வளர்கிறது. கையில் எடுத்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் சொரசொரக்கும். காரா என்று பெயர். அது வளரும் தண்ணீரில் நுளம்புப் புழு குறைவாக இருப்பதைக் கண்டாள். பாசிதான் புழுவைக் கொல்கிறதா? கொல்லுமானால் காசில்லாத ஏழைக்கும் ஆற்றங்கரையிலேயே மருந்து இருக்கிறது.

இரண்டு வெள்ளை எனாமல் தட்டுகள். இரண்டிலும் ஒரே குட்டைத் தண்ணீர், ஒரே வகைப் புழு. ஒன்றில் பாசி உண்டு. மற்றதில் இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் பாசித் தட்டில் புழுக்கள் செத்து மிதந்தன. மற்றத் தட்டில் கொழுகொழுவென்று வளர்ந்தன.

இன்றைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால், லண்டனில் ஒரு வருட ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அவள் பெயர் போகும். அந்தப் பயிற்சிக்கு இந்தப் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு பெண்ணின் பெயரும் போனதில்லை.

சரி, இனி அந்தக் காலைக்கு வருவோம்.

தட்டுகள் வீட்டின் பின் விறாந்தையில் இருந்தன. கொண்டுபோவதற்காக இரண்டு பெரிய ஜாம் போத்தல்களைக் கழுவித் துடைத்துவிட்டு, செசிலியா பாசித் தட்டின் மேல் மூடியிருந்த மெல்லிய துணியை எடுத்தாள்.

"என்னடி, அதுக்குள்ள எந்திரிச்சிட்டே?"

அந்தோனியம்மா பூசைக்குப் போகப் புறப்பட்டு, தலையில் முக்காட்டோடு நின்றாள். கையில் ஒரு சின்னத் தகர டப்பா.

"தூக்கம் வரலைம்மா."

"தட்டைத் தூக்கிறாத, கொஞ்சம் பொறு. இன்னிக்குத்தான் முக்கியமான நாளு."

அந்தோனியம்மா டப்பாவைத் திறந்து, மூன்று விரலால் எதையோ எடுத்து, தட்டின் மேல் சிலுவை போட்டு, தண்ணீரில் தூவினாள். உதடுகள் அசைந்தன. பிறகு டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"மந்திரிச்ச உப்பு. அந்தோனியார் திருநாளுக்குக் கோயில்ல வாங்கினது."

"இன்னிக்கு மட்டுமா போட்டீங்க?"

"நல்லாக் கேட்டே போ. நீ இதைக் கொண்டாந்து வச்ச நாள்லருந்து போடுறேன். நீ எந்திரிக்கிறதுக்குள்ள போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிருவேன். சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லலை. இன்னிக்கு நீயே பாத்துட்டே."

செசிலியா பக்கத்திலிருந்த மற்றத் தட்டைப் பார்த்தாள். பிறகு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டு தட்டுக்கும் போட்டீங்களா?"

"அந்தத் தட்டுக்கு எதுக்கு? அது சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான், இந்தப் பாசித் தட்டுலதான் எல்லாம் இருக்குன்னு நீதானே அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தே. கோயில் உப்பை வீணாக்கலாமா?"

எவ்வளவு சரியாகக் கேட்டு வைத்திருக்கிறாள் பாருங்கள். மகள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தவறவிடவில்லை.

"ஏம்மா மூஞ்சி இப்படிப் போகுது? போடக்கூடாதா?" என்று அந்தோனியம்மா கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு செசிலியாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமில்லம்மா. நேரமாச்சு, நீங்க பூசைக்குப் போங்க."

"போறேன். தெல்தெனியா பஸ்காரர்கிட்ட தெரேசாவுக்கும் சொல்லியனுப்பிட்டேன், போன வாரமே. ஒன் பாசி புழுவைக் கொல்லுதுன்னு. அவ மனசு எப்படிக் குளுந்திருக்கும்."

அம்மா போன பிறகு செசிலியா தட்டில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு. சந்தேகமே இல்லாத உப்பு.

தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்ததை அவள் முதல் தடவையே கவனித்திருந்தாள். பாசியின் சுண்ணாம்பு என்று நினைத்துவிட்டாள். பாசியின் நுனி மஞ்சளாகப் போனதையும் கவனித்தாள். வெயில் போதவில்லை என்று நினைத்துவிட்டாள். நமக்குப் பிடித்த பதில் கையில் வந்த பிறகு வேறு பதிலைத் தேட மனசு வருகிறதா என்ன? மூன்று தடவை செய்தேன் என்று எத்தனை பெருமை. மூன்று தடவையும் அதே அம்மா, அதே டப்பா.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அம்மா மேல்தான். வாய்விட்டுக் கத்தியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து லோரன்ஸ் கண்ணாடி முன்னே டை கட்டிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"செசி, தொரைமாரோட பேசுறப்போ தலையைக் குனியாத. ஒனக்குத் தெரிஞ்ச அளவு அவங்களுக்குத் தெரியாது, நெனவு வச்சுக்க. சாயந்தரம் நான் கேக் வாங்கிட்டு வாறேன்."

"சரிப்பா," என்றாள்.

*

பேராதனை பஸ்ஸில் மடியில் இரண்டு போத்தல்களையும் அணைத்துக்கொண்டு போனாள். பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்து, "ஊறுகாயா?" என்று கேட்டாள். செசிலியா ஆமாம் என்று தலையாட்டிவைத்தாள்.

ஆய்வுகூடத்தில் தம்பிராஜா நுணுக்குக்காட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், சம்பளம் வாங்கும் உதவியாளன். ஆய்வுகூடத்தில் அவளிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். லண்டனுக்கு அவள் பெயர் போகாவிட்டால் போகப்போவது அவன் பெயர். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"மிஸ் லோரன்ஸ், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? பஸ்ஸில வயித்தைப் பிரட்டிப் போட்டுதோ?"

"இதைக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க."

"குட்டைத் தண்ணியையோ?" என்று சொன்னாலும் விரலை நனைத்து வைத்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தான். "உப்பெல்லோ. எப்பிடி?"

அவள் சொன்னாள். தம்பிராஜா சிரிக்கவில்லை. அதற்காகவே அவனுக்கு ஆயுசு நூறு.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"சொல்லப் போறேன்."

"கொஞ்சம் பொறுங்கோ. நான் சொல்லுறதையும் கேளுங்கோ." அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாறவை பாத்திட்டுப் போகட்டும். உங்கட பேர் போகட்டும். நாளைக்கே உப்பில்லாமல் திரும்பச் செய்து பாப்பம். பாசி உண்மையாவே கொல்லுதெண்டால் ஆருக்கு என்ன நட்டம்?"

"கொல்லலேன்னா?"

அவன் நுணுக்குக்காட்டியைத் துடைத்த துணியை மடித்து வைத்தான்.

"கொல்லலேன்னா நான் லண்டன்ல இருப்பேன். பாசி தெல்தெனியாவில இருக்கும். எங்க சின்னம்மா அதை நம்பிக்கிட்டுப் புள்ளையைப் படுக்க வைப்பாங்க."

"அது எனக்கு விளங்குது. ஆனா நீங்கள் இந்தக் கதவுக்குள்ள வந்ததே எவ்வளவு பாடு. நான் பிழை விட்டால் தம்பிராஜா பிழை விட்டான் எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் விட்டால் பொம்பிளையளுக்கு உது சரிவராதெண்டு சொல்லுவினம். உங்களுக்குப் பிறகு வாற பிள்ளையளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திப்போடுவினம். அதையும் யோசியுங்கோ."

அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. தனக்கு வரும் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கொன்வென்ட்டில் இப்போது பூவும் இலையும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் யாருக்கு இந்த ஆசை இருக்கிறதோ, அவளுக்கு என்ன பதில்? செசிலியா ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டாள். யோசிக்கத்தான் செய்தாள். எவ்வளவு யோசித்தாலும் தெரேசா சின்னம்மாவின் வீட்டு முற்றத்தில் கிடந்த அந்தச் சின்னச் சவப்பெட்டியைத் தாண்டி யோசனை போகவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

*

ஆய்வுகூடத்துக்குத் தலைவர் டாக்டர் பிரெண்டன். எளிதில் கோபப்படாத, எளிதில் சிரிக்காத வெள்ளைக்காரர். அவரோடு வந்த இரண்டு பேரில் ஒருவர் வயதானவர், ஒல்லியானவர். மற்றவர் பருத்த மனிதர், உள்ளே வரும்போதே ஏதோ ஒரு பகிடியைச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டு வந்தார். இனி எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்.

வயதானவர் இரண்டு போத்தல்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்றில் துடிதுடிப்பு. ஒன்றில் அசைவில்லை.

"மிக நன்றாக இருக்கிறது. மூன்று முறையும் இப்படியேதானா, மிஸ் லோரன்ஸ்?"

"மூன்று முறையும் இப்படியேதான். ஆனால் இதை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது."

டாக்டர் பிரெண்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"பாசித் தட்டில் உப்பு விழுந்திருக்கிறது," என்றாள் செசிலியா. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நாள்தோறும் விழுந்திருக்கிறது. மற்றத் தட்டில் விழவில்லை. எனக்கு இன்று காலையில்தான் தெரியும். புழுவைக் கொன்றது பாசியா உப்பா என்று என்னால் சொல்ல முடியாது."

"உப்பு தானாக வந்து விழாதே. யார் போட்டது?" என்று பருத்த மனிதர் கேட்டார்.

"வீட்டில் ஒருவர்."

"வீட்டில் ஒருவர் என்றால்?"

"என் தாய். அது கோயிலில் ஆசீர்வதித்த உப்பு. நான் வெற்றி பெற வேண்டும் என்பதற்காகப் போட்டார்."

பருத்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "பலித்துவிட்டதே. அப்படியானால் லண்டனுக்கு நாம் அனுப்ப வேண்டியது உங்கள் தாயாரை."

செசிலியாவுக்கு முகம் பற்றி எரிந்தது. காலையிலிருந்து அம்மா மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் போன இடம் தெரியவில்லை. தன் அம்மாவைத் தான் திட்டலாம். இவர் யார் சிரிப்பதற்கு?

"தவறு என் தாயுடையது அல்ல," என்றாள். இப்போது குரல் நடுங்கவில்லை. "தட்டின் விளிம்பில் வெள்ளைப் படிவைப் பார்த்தேன். அது பாசியின் சுண்ணாம்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு முறை நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை."

வயதானவர் போத்தலை மெதுவாகக் கீழே வைத்தார். "இந்தச் சோதனையை வீட்டில் ஏன் செய்தீர்கள்? இங்கே இவ்வளவு மேசைகள் சும்மா கிடக்கின்றனவே."

"புழுக்களை விடியற்காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். மாலையில் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். மற்ற உதவியாளர்களிடம் பூட்டுக்குத் திறப்பு இருக்கிறது. என்னிடம் இல்லை."

"ஏன் இல்லை?"

"பெண்களுக்குத் திறப்புக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சொன்னார்கள்."

பருத்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார். தம்பிராஜா தன் சட்டைப்பைக்குள் கையைவிட்டு, அங்கே இருந்த திறப்பை வெளியே எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

வந்தவர்கள் புறப்பட்டுப் போன பிறகு டாக்டர் பிரெண்டன் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த முறை உங்கள் பெயரை அனுப்ப முடியாது, மிஸ் லோரன்ஸ். தம்பிராஜாவின் பெயர் போகும்."

"தெரியும், சேர்."

"அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தெல்தெனியாக் குட்டைகளில் புழுவைக் கொல்ல மண்ணெண்ணெய் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பாசியை இறக்கிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தேன். இன்றைக்கே அந்த ஏற்பாட்டை நிறுத்துகிறேன். நீங்கள் இன்று பேசாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நினைக்கவே விருப்பமில்லை." அவர் மேசையில் எதையோ நகர்த்தி வைத்தார். "இன்னொரு திறப்பு வெட்டித் தரச் சொல்கிறேன். சோதனையை மறுபடி செய்யுங்கள். இங்கே செய்யுங்கள்."

லண்டன் போய்விட்டது. ஒரு திறப்பு கிடைத்தது. அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் காலையில் தட்டில் விரலை நனைத்த நேரத்திலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தெல்தெனியா தப்பியது, அது போதும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பிராஜா வாசல் கேற்றடியில் நின்றான். "நான் மாட்டன் எண்டு சொல்லப் போறன்," என்று தொடங்கினான்.

"அப்படிச் சொன்னீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டேன். ஒழுங்காப் போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் நடந்துவிட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்ததா என்பது வேறு விஷயம்.

*

வீட்டு வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கேட்டு நெடுநாளான சிரிப்பு. தெரேசா சின்னம்மா.

மகன் போன பிறகு தெரேசா எங்கேயும் போவதில்லை. இன்றைக்கு நல்ல சேலை கட்டி, சின்ன மகள் பெற்றீசியாவை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் கேக் வெட்டாமல் இருந்தது. லோரன்ஸ் காலையில் கட்டிய டையை இன்னும் கழற்றவில்லை.

"வாம்மா செசி," என்று தெரேசா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "மத்தியான பஸ்ஸுலதான் வந்தேன். ஒன்னப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகணும்னு. நேத்து மண்ணெண்ணெய்க்காரங்க வந்தாங்க. நாங்க எல்லாரும் கூடி நின்னு, வேணாம், கொண்டு போயிருங்கன்னு திருப்பி அனுப்பிட்டோம்."

செசிலியாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எதுக்குச் சின்னம்மா அனுப்பினீங்க?"

"பின்ன? அதான் ஒன் பாசி இருக்கே. அக்கா சொல்லியனுப்பினதும் நான் வேலாயிகிட்ட சொன்னேன், அவ வீரய்யா வீட்டுல சொன்னா, ஒரே நாள்ல ஊரு பூரா தெரிஞ்சு போச்சு. எல்லாருமாச் சேந்து மேல் ஓடையிலருந்து அள்ளிட்டு வந்து குட்டை குட்டையாப் போட்டிருக்கோம். நீ சொன்ன மாதிரியே சொரசொரன்னுதான் இருக்கு." மகளின் தலையைத் தடவினாள். "இவளும் இனிமே அந்தக் கசப்புக் கொயினா மருந்தைக் குடிக்க வேணாம். நிப்பாட்டியாச்சு."

லோரன்ஸ் பெருமையோடு மகளைப் பார்த்தார். "பாத்தியா, சர்க்காருக்கு முந்தி ஊரு ஒன்னை நம்பிருச்சு."

டாக்டர் பிரெண்டன் ஓர் ஏற்பாட்டை நிறுத்தினார். இதை யார் நிறுத்துவது?

"சின்னம்மா," என்றாள் செசிலியா. "அந்தப் பாசி புழுவைக் கொல்லுதான்னு எனக்குத் தெரியாது."

தெரேசா சிரித்தாள். "செத்துச்சுன்னு நீதானேம்மா சொன்னே."

"செத்துச்சு. ஆனா தட்டுல வேற ஒண்ணு விழுந்திருக்கு. அதாலதான் செத்திருக்கு போல. இன்னிக்குத் தொரைமார்கிட்ட நானே சொல்லிட்டேன். லண்டனுக்கு என் பேரு போகலை." அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "மண்ணெண்ணெய் ஊத்தணும் சின்னம்மா. இவளுக்குக் கொயினா கொடுக்கணும். எல்லா வீட்டுலயும் கொடுக்கணும்."

லோரன்ஸின் கை டைக்குப் போனது. முடிச்சைத் தளர்த்தினார். "வேற என்ன விழுந்திச்சு?"

"தெரியாம விழுந்திச்சுப்பா. என் கவனக்குறைவு."

"என்ன விழுந்திச்சுன்னு கேக்கிறேன்."

காலையில் துரைமார் முன்னே சொன்னதை இந்த வீட்டுக்குள்ளே சொல்லச் செசிலியாவுக்கு நாக்கு எழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், மேசையில் கேக்கைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் அவள் பார்க்காத ஆள் ஒருத்திதான்.

அந்தோனியம்மா அடுக்களை வாசலில் கத்தியும் பீங்கானுமாக நின்றுகொண்டிருந்தாள். மகள் எங்கெங்கே பார்க்கிறாள், எங்கே பார்க்க மாட்டேன் என்கிறாள் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் அந்த முகம் போன போக்கும் அவளுக்கு இப்போது விளங்கியது.

"உப்பா?" என்று கேட்டாள்.

செசிலியா தலையைக் குனிந்தாள்.

"என்ன உப்பு அக்கா?" என்றாள் தெரேசா.

அந்தோனியம்மா பீங்கானை மேசையில் வைத்தாள். தங்கையின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெற்றீசியாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் புழுவைக் கொன்னது பாசி இல்ல, தெரேசா. நான்தான். அந்தத் தட்டுல தெனமும் கோயில் உப்பைப் போட்டேன். டக்ளஸ் கெடந்தப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியலையேன்னு, ஒவ்வொரு நாளும் அவன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் போட்டேன்."

லோரன்ஸ் டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

தெரேசா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அத்தான், இன்னிக்கே வேலாயிகிட்ட சொல்லணும். தெல்தெனியாவுக்குக் கடைசி பஸ் போயிருக்குமா?" என்று கேட்டாள்.